படம் தேடவும் சொல்லித்தரலாமே

ஆசிரியருக்கு,

பள்ளிச் செயல்திட்டத்துக்குச் சோழர் கால நடராஜர் படம் வேண்டும் என்றாள் மகள். எங்கள் ஊர் நூலகத்தில் கணினியும் இணையமும் இருக்கின்றன. எங்கே தேடுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. கூகுளில் வந்ததெல்லாம் மங்கலான படங்கள். எந்தச் சிலை, எங்கே இருக்கிறது என்ற விவரமே இல்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமைக்கு உட்படாத தன் சேகரிப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் தடையின்றிப் பயன்படுத்தத் தருகிறது. 11ஆம் நூற்றாண்டு நடராஜர் ஒருவர் அங்கே காலம், உலோகம், உயரம் உட்பட எல்லா விவரங்களோடும் நிற்கிறார். ஆனால் தேடத் தெரிய வேண்டுமே! ஆங்கிலத்தில் ‘தஞ்சாவூர்’ என்று அடித்தால் வராதது, வெள்ளைக்காரர் எழுதிய ‘டாஞ்சோர்’ என்று அடித்தால் சில சமயம் வந்துவிடும்.

மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் நூலகர்கள் இதைச் சொல்லித்தரலாம். முதலில் அவர்களுக்கே பயிற்சி தர வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

- ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்