செயலாளரின் ஆண்டறிக்கை: மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போய் வந்த ஆண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் நீச்சல் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைச் சபை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கோடை விடுமுறைப் பயிற்சிக்குக் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். கண்மாய் நிறையும் மாதங்களில் நீச்சல் தெரியாத பிள்ளை ஒன்றுகூட நம் பக்கத்தில் இருக்கக் கூடாது என்ற தீர்மானத்தில் மாற்றமில்லை. இவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, பெரியவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடக்கும், இந்த ஆண்டு முதன்முறையாக நாம் போய் வந்த மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

அங்கே நம்மவர்கள் கோட்டை விட்ட இடங்களில் பல, நீச்சல் வராமல் விட்டவை அல்ல. போட்டி நடக்கும் முறை தெரியாமல் விட்டவை. முன்கூட்டியே விசாரித்துச் சொல்ல வேண்டியது செயலாளரின் வேலை. அதை நான் செய்யவில்லை. அதற்காகச் சபையிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டு, பார்த்ததையும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாஸ்டர்ஸ் என்றதும், பழைய சாம்பியன்களுக்கான போட்டி என்று நம்மில் பலர் ஒதுங்கிவிட்டார்கள். அப்படியில்லை. உலக அளவிலான விதிப்படி 25 வயது நிறைந்த எவரும் இறங்கலாம். 25-29, 30-34 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள் போய்க்கொண்டே இருக்கும். 80-ஐத் தாண்டியவர்களுக்கும் பிரிவு உண்டு. 1986-ல் டோக்கியோவில் முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. வயதை டிசம்பர் 31-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். நவம்பரில் 60 முடிகிற ஒருவர் பிப்ரவரிப் போட்டியிலேயே 60-64 பிரிவில் நீந்தலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வேன் விடியுமுன் புறப்பட்டது. வழியில் சாப்பிட வெள்ளைப் பணியாரமும் காரச்சட்டினியும் ஒரு தூக்கு நிறைய வந்தன. அன்போடு செய்து கொடுத்ததுதான்; ஆனால் வார்ம்அப்பில் எண்ணெய்ப் பலகாரம் நெஞ்சிலேயே நின்றது. அடுத்த முறை போட்டிக்கு முன் இரண்டு இட்லி போதும், பணியாரம் திரும்பி வரும்போது.

குளத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு மலைப்பு. நாம் பழகுவது 20 மீட்டர்கூட இல்லாத குளம். அங்கே 50 மீட்டர். பாதி தூரத்தில் கை வைக்கச் சுவர் கிடையாது. நம் தம்பி ஒருவர் முதல் 25 மீட்டரைப் பறந்து கடந்தார், மீதியில் கை தூக்கவே முடியவில்லை. நிதானமாகப் புறப்பட்டவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

டைவ் அடிக்கத் தெரியாதே என்று மூன்று பேர் பெயரே கொடுக்கவில்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது: மாஸ்டர்ஸில் பிளாக் என்னும் புறப்படும் மேடையின் மேலிருந்தும் குதிக்கலாம், குளக்கரையில் நின்றும் குதிக்கலாம், தண்ணீருக்குள் இறங்கிச் சுவரை உதைத்தும் புறப்படலாம். இரண்டு கையையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃப்ளை நீச்சலில், இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்பின் உதை வராதவர்கள் தவளை உதை போடவும் விதி இடம் கொடுக்கிறது. வயதானவர்களின் முட்டியையும் முதுகையும் நினைத்து எழுதிய விதிகள் இவை. எனக்கு இந்தப் போட்டியின்மேல் மரியாதை வந்தது இங்கேதான்.

ஆனால் சில விஷயங்களில் வயதைப் பார்த்து விட்டுக்கொடுப்பதில்லை. நாம் தவளை நீச்சல் என்பதை அங்கே பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்கிறார்கள். அதில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். நம் மூத்த அண்ணன் ஒருவர், சிறுவயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர், 100 மீட்டரில் முன்னணியில் இருந்தார். 50-வது மீட்டரில் வலது கையை மட்டும் நீட்டிச் சுவரைப் பிடித்துத் திரும்பினார். கிணற்றுப் படியை அப்படித்தானே ஐம்பது வருடமாகப் பிடித்துவருகிறார்! தகுதி நீக்கம் என்று நடுவர் கை உயர்த்திவிட்டார். ‘நல்லாத்தானே வந்தேன், என்ன தப்பு தம்பி?’ என்று ஈரத் துண்டோடு என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்தின் குறுக்கே கொடிகள் தோரணமாகத் தொங்கும். கொடியைக் கண்டபின் எத்தனை கை போட்டால் சுவர் வரும் என்று வார்ம்அப்பிலேயே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணாமல் போன நான் பின்தலையைச் சுவரில் இடித்துக்கொண்டேன்.

ஆச்சி விஷயத்தைச் சபை அவசியம் கேட்க வேண்டும். 60-64 பிரிவில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஹீட் என்று அவர்கள் சொல்லும் சுற்றில், பக்கத்து லேன்களில் நின்றவர்கள் எல்லோரும் நாற்பதைத் தொடாத பெண்கள். ஐந்தாவதாக வந்தார். பேசாமல் உடை மாற்றிப் பையைக் கட்டிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். பெயர் கொடுக்கும்போது அவரவர் எழுதிக் கொடுக்கும் நீச்சல் நேரத்தை வைத்து ஹீட்டைப் பிரிக்கிறார்கள், வெவ்வேறு வயதினர் சேர்ந்தே நீந்துவார்கள். முடிவைத்தான் பிரிவு வாரியாக எடுக்கிறார்கள். பிற்பகலில் மைக்கில் ஆச்சியின் பெயரை முதலிடத்துக்கு அழைத்தபோது ஆள் இல்லை. ஓடிப்போய் அழைத்து வந்தோம். ‘அந்தப் பிரிவுல நான் ஒருத்திதானாமே, இதுக்குப் போயி மெடலா?’ என்று சங்கடப்பட்டார். பிரிவில் வேறு யாரும் வராதது ஆச்சியின் குற்றமல்ல. ஊருணிக் கரையில் அம்மா கைபிடித்துப் பழகிய நீச்சலோடு 60-க்கு மேல் 50 மீட்டர் குளத்தில் இறங்கியவருக்கு அந்த மெடல் உரியதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதைக் கழுத்தில் போட்டபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

ரிலேயில் நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிவு பார்க்கிறார்கள். நம் அணிக்கு 214 வந்தது. 200-239 பிரிவில் நீந்தினோம். மெடல் இல்லை, ஆனால் அன்றைக்கு நாங்கள் அதிகம் கத்தியது அதற்குத்தான்.

நீந்துவது ஒரு நிமிடம், காத்திருப்பது மூன்று மணி நேரம். பெயர் அழைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. குடை, தண்ணீர், மாற்றுத் துண்டு அவசியம். நீளமாக ஒரு விசில் ஊதினால் பிளாக்கில் ஏற வேண்டும். சிக்னலுக்கு முன் அசைந்து புறப்பட்டால் அப்போதே வெளியேற்றம். காகிள்ஸ் பட்டையைத் தொப்பிக்கு அடியில் போட்டால் குதிக்கும்போது கழன்று போகாது.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு முடிவு செய்தவை: மாதத்தில் ஒரு ஞாயிறு வேன் வைத்து 50 மீட்டர் குளத்தில் பயிற்சி, பெயர் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் இதயமும் பார்த்து மருத்துவர் சான்று, பெண்களுக்குத் தனி நேரம். ஆச்சிமார் நால்வர் சேர்ந்தால் தனி ரிலே அணி அனுப்பலாம். இருவர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். வயதுச் சான்று நகலைப் பொங்கலுக்குள் என்னிடம் சேர்த்துவிடவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்