ஹைவுக்கு ஆள் சேர்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வாசகர்களின் வோட்டைப் பொறுத்துப் பதிவுக்குக் கிரிப்டோ நாணயம் தரும் எழுத்துத் தளம் ஹைவ். அதற்கு முன்பு நாம் இதே மாதிரி எழுதிய தளம் ஸ்டீமிட். அந்த நாட்களிலிருந்து உங்களோடு எழுதிக்கொண்டிருப்பவன் நான். வாட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் போடும் அழைப்புகளைச் சில வாரங்களாகப் பார்க்கிறேன். “எழுதுங்கள், டாலரில் சம்பாதியுங்கள்” என்று ஒரு வரி. அதன் கீழே நல்ல தொகை விழுந்த ஒரே ஒரு பதிவின் ஸ்கிரீன்ஷாட். அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் நானும் அதையே செய்தவன். 2018 ஜனவரியில், ஸ்டீமிட்டில் கிடைக்கும் ஸ்டீம் நாணயத்தின் விலை எட்டு டாலரைத் தாண்டியது. அப்போது என் பதிவுக்கு விழுந்த தொகையைக் காட்டி, கூட வேலை பார்த்த அக்கா ஒருவரை அழைத்து வந்தேன். கரிசல்காட்டுச் சமையல் பற்றி எழுதினார். கம்பங்கூழுக்கு மாவு புளிக்கும் பக்குவத்தைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ராத்திரி உழைத்தார். அந்த வருடம் முடிவதற்குள் நாணயம் அரை டாலருக்கும் கீழே போய்விட்டது. நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் 70 சதவீதம் பேரை வேலையிலிருந்து நீக்கியது. அக்காவின் பதிவுகளுக்குச் சில சென்ட்டுகள் விழுந்தன. “என் எழுத்து நல்லா இல்லையோ தம்பி?” என்று கேட்டார்.

எழுத்து நன்றாகத்தான் இருந்தது. விழும் தொகையை வைத்து எழுத்தை எடை போடக்கூடாது என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் நிறுத்திவிட்டார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் கேட்கிறேன். அழைப்பதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுங்கள். புதிதாக உருவாகும் நாணயங்களில் ஒரு பகுதி ஒரு பொதுக் குளத்தில் சேர்கிறது. வோட்டுகள் அந்தக் குளத்தைப் பங்கு போடுகின்றன. ஆனால் எல்லா வோட்டும் ஒரே எடை இல்லை. யார் எவ்வளவு ஹைவ் நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறாரோ (அதற்குப் பெயர் ஹைவ் பவர்) அவ்வளவு எடை. இருப்பு இல்லாத நூறு சொந்தக்காரர்கள் வோட்டுப் போட்டாலும் நகராத எண், திமிங்கிலம் என்று நாம் சொல்லும் பெரிய இருப்புக்காரர் ஒருவர் தட்டினால் எகிறிவிடும். அந்தத் திமிங்கிலங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஏழு நாள் கழித்துத்தான் தொகை கிடைக்கும். அதில் பாதி வோட்டுப் போட்டவர்களுக்கு. எழுதியவரின் பாதியிலும் வழக்கமாக ஒரு பகுதி ஹைவ் பவராகப் பூட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுக்கப் பதின்மூன்று வாரம், வாரம் ஒரு தவணை. மொத்தமே இரண்டு சென்ட்டைத் தொடாத பதிவுக்கு ஒன்றுமே கிடையாது. இந்தியாவில் இருப்பவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீதம் வருமான வரி. அப்புறம், கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் மாதிரியான ரகசியச் சாவியைத் தொலைத்தால் தொலைத்ததுதான். மீட்டுத் தர அலுவலகம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். குறைவாகத்தான் வருவார்கள். ஆனால் பணத்தை மட்டும் நம்பி வருபவர் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்கிறோமே. ஒரு நாளைக்கு நான்கு பதிவு போடுகிறார். நேரம் போதாமல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார். மாட்டிக்கொண்டால், தொகையைக் குறைக்கும் டவுன்வோட் விழுகிறது, கோபித்துக்கொண்டு கிளம்புகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி வேலை என்று சொல்லித்தானே கூட்டி வந்தோம்?

நிலைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். 2020-இல் கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட்டை வாங்கியதும், நாணயங்களை வாங்கி விற்க உதவும் பெரிய எக்ஸ்சேஞ்சுகள் சில தங்களிடம் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்களைக் கொண்டு, ஸ்டீமை யார் நடத்துவது என்பதில் அவர் பக்கம் வோட்டுப் போட்டன. பொறுக்காமல் மார்ச் 20 அன்று ஹைவ் என்று தனியாகப் பிரிந்து வந்தோம். 2018-இன் உச்சத்திலிருந்து விலை பாதாளத்துக்குப் போயிருந்த நேரம் அது. நான் அன்று கிளம்பி வந்ததற்குக் காரணம், என் பதிவுக்குக் கீழே வழக்கமாகப் பேசும் ஏழெட்டுப் பேர். திருகோணமலையிலிருந்து காலைக் கடலின் படமும் நாலு வரியும் போடும் ஒருவர் அதில் உண்டு. ஒரு நாள் அவரைக் காணவில்லை என்றால் மூன்று பேர் விசாரிப்போம். தினமும் எழுதும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது. ஒரு நிறுவனம் மனது வைத்து அழித்துவிட முடியாத இடத்தில் என் அப்பாவின் நினைவுகளை எழுதி வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் விழும் சில்லறை எனக்கும் பிடிக்கும். அதில் ஒரு புத்தகம் வாங்கினாலே சந்தோஷம்தான். அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை யாரையாவது அழைக்கும்போது, அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலாக உங்கள் கடைசிப் பத்துப் பதிவுகளின் தொகையை அப்படியே காட்டுங்கள், பூஜ்யம் விழுந்ததையும் சேர்த்து. வருபவருக்கு முதல் மாதம் நீங்களே வாசகராக இருங்கள். வோட்டு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, படித்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள்.

அக்காவுக்குப் போன வாரம் போன் செய்தேன். காசு வராது என்பதை இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டேன். “அந்தக் கம்பங்கூழ் பதிவு இன்னும் இருக்கா?” என்று கேட்டார். சுட்டியை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்