சுவரைப் பார்த்து நடந்தால் அலுக்காதா?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ட்ரெட்மில்லை விற்கப்போகிறாய் என்று மருமகள் சொன்னாள். தாராளமாக விற்றுவிடு. ஆனால், "எனக்கு இதுக்கெல்லாம் கட்டுப்பாடு கிடையாது" என்று அவளிடம் சொன்னாயாமே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புனேக்கு வந்தபோது பார்த்தேனே, அந்த மெஷினைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறாய். வெள்ளைச் சுவரையும் ஓடுகிற எண்களையும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தால் யாருக்குத்தான் அலுக்காது?

காலேஜ் படிக்கும்போது நம்ம திருவாரூர் ஆழித்தேருக்கு வடம் பிடிக்கப் போவாய். 96 அடித் தேர். வெயிலில் இழுத்துவிட்டு, உள்ளங்கை சிவந்து, சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்த்து வருவாய். போர் அடித்தது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா? "ஆரூரா, தியாகேசா" என்று கூட்டத்தோடு கத்திக்கொண்டு இழுக்கும்போது உடம்பு வலி யாருக்குத் தெரிகிறது!

உன் அப்பாவை எடுத்துக்கொள். வாக்கிங் போங்கள் என்று டாக்டர் சொன்னபோது மனுஷன் காதிலேயே வாங்கவில்லை. இப்போது விடிவதற்குள் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எல்லாம் பூப்பந்துதான், ஷட்டில் இல்லை, பால் பேட்மிண்டன். அவர் வயதுக்காரர்கள் சேர்ந்து மைதானத்தில் கோடு போட்டு ஆடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். ஒருவர் வரவில்லை என்றாலும் ஆட்டம் கெட்டுப்போகும், அதனால் போன் போட்டு ஏசுகிறார்கள்: "யோவ், ஆள் குறையுது, படுத்துக் கிடக்கிறியா?" உடம்புக்கு நல்லது என்பதற்காக எழுந்திருக்காதவர் இந்த ஏச்சுக்குப் பயந்து எழுந்துவிடுகிறார். அந்த மஞ்சள் கம்பளிப் பந்து பனியில் நனைந்தால் கனத்துப்போகிறதாம். அதற்காக அதை அடுப்பு மேடையில் காயவைக்கிறார். அதற்கு நானும் அவரும் சண்டை போடுவது தனிக் கதை. இந்த ஆட்டமே நம்ம பக்கத்து ஆட்டம்தானே. 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். நீயும் பள்ளிக்கூட டீமில் ஆடியவன்தான், மறந்துவிட்டாயா?

எனக்கு ஆட்டமெல்லாம் வராது. நான் கமலாலயக் கரையைச் சுற்றி வருகிறேன். பழைய நில அளவில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்களே, அந்த ஐந்து வேலிக் குளத்தைச் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே வரும். முதலில் எனக்கும் அலுத்தது. அப்புறம் கதை கேட்க ஆரம்பித்தேன். யூடியூபில் நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கிறார்கள். நடக்கும்போது மட்டும்தான் கேட்பது. வீட்டு வாசலை மிதித்ததும் நிறுத்திவிடுவது. நல்ல இடத்தில் நிற்கும், கை பரபரக்கும். மறுநாள் காலையில் செருப்பைத் தேடி நானே ஓடுவேன். இது ஏதோ அம்மாவின் கிறுக்குத்தனம் என்று நினைக்காதே. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். விறுவிறுப்பான நாவல்களை ஜிம்மில் மட்டும்தான் கேட்கலாம் என்று சிலருக்கு வைத்தார்களாம். அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஜிம்முக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் பண்டிகை விடுமுறை வந்ததும் அந்த வேகம் குறைந்துவிட்டது. எனக்கும் ஐப்பசி அடைமழை வந்தால் அப்படித்தான். மழைக்கு ஒரு மாற்று வேண்டும். நான் பக்கத்து வீட்டுப் பெண்களோடு கூடத்தில் கோலாட்டம் ஆடுகிறேன். சிரிக்காதே, பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

கையில் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடி ஆகவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் உலாத்துகிறாயே, அதையும் விடு. 1965இல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்கும்போது கிளம்பிய கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நடையோ, சைக்கிளோ, ஆட்டமோ, குழந்தையைத் துரத்துவதோ, எல்லாம் கணக்கில் சேரும். ஒன்று அலுத்தால் இன்னொன்றுக்கு மாறு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் அபார்ட்மெண்டில் ஷட்டில் கோர்ட் சும்மாதானே கிடக்கிறது? கீழ்வீட்டு மராத்திக்காரப் பையன் தினமும் தனியாகப் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருப்பான், நான் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். அவனைக் கூப்பிடு. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். நீ வராவிட்டால் உன்னை ஏசுகிறவர்களாகப் பார்த்துச் சேர்.

பரணில் உன் பழைய பேட் கிடைத்தது. நரம்பு எல்லாம் அறுந்து தொங்குகிறது. அது பூப்பந்து பேட், ஷட்டிலுக்கு ஆகாது என்கிறார் அப்பா. ஆனாலும் நரம்பு மாற்றி வைக்கிறாராம். பொங்கலுக்கு வரும்போது அவர்கள் டீமில் ஒரு ஆள் குறைகிறதாம், உன் பெயரைக் கொடுத்துவிட்டார். டிக்கெட் போட்டாயா இல்லையா?

அம்மா