வாரம் மூன்று நாள் கடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரத்தைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிய பாம்பன் பாலம், அரிச்சல்முனைச் சாலை, கலாம் நினைவிடம், அறை கிடைக்காத விடுதிகள், எல்லாம் சரிதான். ஆனால் 'சுற்றுலாவை நம்பி வாழும் கோயில் நகரம்' என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். மீன் கம்பெனி ஒன்றில் 26 வருடம் கணக்கு எழுதியவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

காலையில் ரயிலில் இறங்கி, அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தத்திலும் நனைந்து, மத்தியானம் தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டு, ராத்திரியே ஊர் திரும்புகிறவர்தான் அதிகம். அவர் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் நகராட்சியில் 44,856 பேர். இவ்வளவு பேருக்கும் தீர்த்தத் தண்ணீர் சோறு போடாது.

ஊர் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் புரியும். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. ஆண்கடல் ஆழம். பெண்கடலில் சராசரியாகப் பத்து மீட்டர் ஆழம்கூடக் கிடையாது, காற்றில்லாத நாளில் குளம் மாதிரி கிடக்கும். ஆடி மாதக் கச்சான் காற்றில் (தென்மேற்குக் காற்று) தென்கடல் பொங்கும்போது வடகடல் சும்மா இருக்கும். கார்த்திகை வாடைக் காற்றில் (வடகிழக்குக் காற்று) நேர்மாறு. நாட்டுப்படகுக்காரர் காற்றைப் பார்த்துக் கரை மாறித் தொழில் செய்வார். இந்த வசதி எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

விசைப்படகுக்கு அப்படியில்லை. அதற்கு வேண்டிய இறால் வடகடல் சேற்றில்தான் கிடக்கிறது. கரையிலிருந்து சில கடல் மைலுக்குள் அது வலை இழுக்கக் கூடாது என்பது சட்டம். அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஓட்டினால் 1974-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட எல்லைக்கோடு வந்துவிடும், கோட்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்திலேயே கச்சத்தீவு. நடுவில் மிச்சமிருக்கும் பட்டையில்தான் நூற்றுக்கணக்கான படகுகள் இழுத்தாக வேண்டும். 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக' என்று உங்கள் பத்திரிகையும் மாதாமாதம் ஒரு வரி போடுகிறது. அந்தப் பட்டை எவ்வளவு குறுகல் என்று ஒரு தடவையாவது படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்களா?

அப்புறம் நாள் கணக்கு. நாட்டுப்படகோடு சண்டை வராமலிருக்க விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் கடலுக்குப் போக டோக்கன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதியுள்ள வாரங்களை மூன்றால் பெருக்கினால் வருடத்துக்குச் சுமார் 130 நாள். அதிலும் புயல் எச்சரிக்கை நாட்களைக் கழியுங்கள். இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டால் உடனே வேலைநிறுத்தம், அதையும் கழியுங்கள். என் பேரேட்டில் படகு கடலுக்குப் போன நாட்கள் மட்டும் எழுத்து நெருக்கமாக இருக்கும், மற்ற பக்கங்கள் வெறிச்சென்று கிடக்கும். ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், வலை பின்னுகிறவர், நண்டு உடைக்கும் பெண்கள், சங்காயம் (விலை போகாத கழிவு மீன்) அள்ளும் லாரி, டீக்கடை எல்லாம் அதே நாட்களில்தான் பிழைக்கும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் வராது.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் சிலர் கோபித்துக்கொள்ளலாம். விசைப்படகு இழுக்கும் இழுவை மடி (இழுவை வலை) அடிச்சேற்றையே வாரிக்கொண்டு வருகிறது. குஞ்சும் முட்டையும் சேர்ந்துதான் சங்காயமாக மீன்மாவு மில்லுக்குப் போகிறது. கோட்டுக்கு அப்பால் எங்கள் படகு அறுப்பது மன்னார், யாழ்ப்பாணத் தமிழ் மீனவரின் வலையைத்தான். இலங்கைப் போரில் வருடக்கணக்காகக் கடலுக்குப் போக முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். இலங்கை 2017-ல் இழுவை மடியைத் தடை செய்தது. அதே வருடம் இங்கே ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் வந்தது: படகு ஒன்றுக்கு 80 லட்சம், பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் தரும், மூன்று வருடத்தில் 2,000 படகு என்றார்கள். இன்றும் எங்கள் ஜெட்டியில் நிற்பது இழுவைப் படகுகள்தான். காலையில் போய் மறுநாள் காலை திரும்பி வந்தே பழகியவரை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தூண்டில் போடச் சொன்னால், படகோடு பயிற்சியும், முதல் சில வருட நஷ்டத்தைத் தாங்கக் கையில் காசும் வேண்டாமா?

இதே எல்லை முன்பு எங்களுக்குச் சோறு போட்டது. 1914 முதல் போட் மெயில். சென்னையில் டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் போர் வந்து நிற்கும் வரை. என் அப்பா அந்த ஜெட்டியில் சுமை தூக்கித்தான் எங்களைப் படிக்கவைத்தார். 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், சந்தோஷம். அதைவிடப் பக்கத்தில் கிடக்கிறது தலைமன்னார், தனுஷ்கோடி முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பாலம் திறந்த செய்தியைப் பக்கம் பக்கமாகப் போட்ட நீங்கள், கப்பல் எப்போது என்று ஒரு வரியாவது கேட்டிருக்கலாம். கப்பல் இல்லாதவரை எங்கள் ஊர் முட்டுச்சந்துதான்.

நிருபரை மறுபடி அனுப்புவதாக இருந்தால், தடைக்காலம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் ஜெட்டிக்கு வரச் சொல்லுங்கள். சனிக்கிழமை போன படகுகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கரை சேரும். நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு வர வேண்டாம், அங்கே முழுக்க ஐஸ் தண்ணீர்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
ராமேஸ்வரம்.