அந்தப் படங்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

சனிக்கிழமை ராத்திரி எங்களுக்காக விழித்திருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். தம்பியின் முழங்கால் வீக்கமும் வடிகிறது. மலைப்பாதையில் நடக்கப் போய் மழையிலும் இருட்டிலும் மாட்டிக்கொண்ட கதை உங்களுக்கே தெரியும், முழுதாகத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பீக்கோ ட்ரெயில் என்ற இலங்கைத் தேயிலை மலை நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது, மொத்தம் 22 கட்டம். ஹப்புத்தளைப் பக்கம் இரண்டு கட்டத்தை ஒரே நாளில் முடிக்கலாம் என்று கிளம்பியது சுத்தத் திமிர், வேறென்ன.

ஓட்டோவில் ஏற்றி வந்து காசு வாங்காமல் போன அண்ணா, கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்த சிங்கள ஐயா, போன் மேல் போன் போட்ட நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த அம்மாவுக்காக.

பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். மழையில் நடுங்கி வழியோரம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, நனையாமல் இருக்கத் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து என் தோளைச் சுற்றிக் கட்டிவிட்டார். அப்புறம் லயத்துக்குக் கூட்டிப்போய், துணியில் உப்பை முடிந்து கால் அட்டைகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் சீனி வைத்துப் பிளேன்டீ கொடுத்த பிறகுதான் கேட்டார்: "ஏன் புள்ள, இம்புட்டு தூரம் நடக்கச் சொல்லி யாரு அனுப்புனது?" யாரும் இல்லை, சும்மாதான் என்றேன். "சும்மாவா?" என்று சிரித்தார் பாருங்கள். நாளெல்லாம் கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்கினால்தான் அவருக்குப் பேர் விழும், அதாவது ஒரு நாள் சம்பளம் பதிவாகும். நான் காசு செலவழித்து நடக்க வந்த பாதை அவர் வேலைக்குப் போகும் ரோட்டு. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

இருட்டில் மெயின் ரோட்டு வரை கூடவே வந்து எங்களை ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். பாதி வழி வந்த பிறகுதான் கவனித்தேன், படங்கு என் தோளிலேயே இருந்தது.

அம்மா, மறுநாள் மழையில் எதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனீர்களோ. கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு நானே கொண்டு வருகிறேன். இந்த முறை பஸ்ஸில்.