பாவம் தின்றவர்களும் உன் அப்பத்தாவும்

கோத்தகிரி

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் பிரைஸ்வில் மலைக்குப் போய் எடுத்து அனுப்பிய படங்களையும், அவற்றோடு எழுதிய நீண்ட மின்னஞ்சலையும் படித்தேன். செத்தவரின் பாவத்தைத் தானே தின்று தீர்க்கும் ஒருவன் அந்த மலைகளில் முன்பு இருந்தான் என்று உன் வீட்டுக்காரப் பாட்டி சொன்னதை எழுதிவிட்டு, "என் பாவத்தைத் தின்னவும் ஒருவன் கிடைப்பானா அப்பா?" என்று கேட்டிருந்தாய். மறுநாளே என் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய் வந்து சேர்ந்தது. அப்பத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்க வராத தோஷம் கழிய, பவானி கூடுதுறையில் யாருக்காவது தானம் கொடுத்துவிடுங்கள் என்று குறிப்பும் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே உனக்குப் பதில் எழுத நினைக்கிறேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

பாவம் தின்னும் வழக்கம் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகள் அமெரிக்க மலைகளைச் சேர்ந்தவை அல்ல. வேல்ஸும் இங்கிலாந்தும் சந்திக்கும் எல்லைப் பகுதியைச் சேர்ந்தவை. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்பவர் ஹெர்ஃபோர்டுஷயர் வழக்கத்தைக் குறித்து வைத்தார். பிணத்தை வெளியே கொண்டுவந்து பாடையில் கிடத்தியதும், அதற்கு மேலாக ஒரு ரொட்டியையும், மேப்பிள் மரக் கிண்ணம் நிறைய பீரையும், ஆறு பென்னி காசையும் ஓர் ஏழை மனிதன் கையில் நீட்டுவார்கள். அவன் தின்று குடித்துவிட்டால் இறந்தவரின் பாவமெல்லாம் அவன்மேல் ஏறிவிடும். இறந்தவர் ஆவியாக அலைய மாட்டார். 1715-இல் ஜான் பாக்ஃபோர்டு எழுதிய கடிதம் ஒன்று ஷ்ராப்ஷயரில் இதே சடங்கைச் சொல்கிறது. அதில், போன உயிரின் அமைதிக்காகத் தன் ஆன்மாவையே அடகு வைப்பதாக அந்த ஏழை அறிவிக்கிறான். நகையை அடகு வைத்து வட்டி கட்டியே தேய்ந்துபோன குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாம். மீட்க வழியே இல்லாமல் ஆன்மாவை அடகு வைப்பவனுக்கு வேறு எதுவும் கையில் மிச்சமில்லை என்றுதானே பொருள்?

1852-இல் லட்லோ நகரில் நடந்த தொல்லியல் கூட்டம் ஒன்றில், வேல்ஸின் லாண்டிபீ ஊரிலும் இந்த வழக்கம் இருந்ததாக மோக்ரிட்ஜ் என்பவர் சொன்னார். பிணத்தின் மார்பில் ஒரு தட்டு உப்பை வைத்து, உப்பின்மேல் ரொட்டித் துண்டை வைத்து, ஏதோ முணுமுணுத்துவிட்டு அவன் அதைத் தின்பான். கூலியை வாங்கியதும் எவர் கண்ணிலும் படாமல் ஓடிவிடுவான், ஏனென்றால் ஊரே அவனைத் தீண்டத்தகாதவனாக வெறுத்தது. மோக்ரிட்ஜ் சொன்னதை வேல்ஸ் அறிஞர்கள் சிலர் பிற்பாடு கடுமையாக மறுத்தார்கள். ஆனால் ஷ்ராப்ஷயரில் ரிச்சர்ட் மன்ஸ்லோ இருந்ததில் சந்தேகமில்லை. ராட்லிங்கோப் ஊர்த் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது; இறந்த ஆண்டு 1906. அவர் வசதியான விவசாயி. பெற்ற பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில், கூலிக்காக அல்லாமல், மற்றவர்களுக்காக இந்தப் பழைய வழக்கத்தை அவர் மறுபடி எடுத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். இந்த வரலாறு முழுவதிலும் என் மனம் தங்கி நிற்கும் ஒரே ஆள் அவர்தான்.

நீ இருக்கும் டென்னசிக்கு வேல்ஸ்காரர்கள் வந்த கதை வேறு. உள்நாட்டுப் போர் முடிந்தபின், ஜோசப், டேவிட் ரிச்சர்ட்ஸ் என்ற சகோதரர்கள் பங்கெடுத்து 1868-இல் நாக்ஸ்வில் இரும்பாலையைத் தொடங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து உலைத் தொழிலும் சுரங்கத் தொழிலும் தெரிந்த குடும்பங்கள் வந்தன. கோல் கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரி வெட்டினார்கள். நீ படம் எடுத்த அந்த மரத் தேவாலயம் 1888 வாக்கில் அவர்கள் தங்கள் கையால் எழுப்பியது. கைதிகளைக் கூலிக்கு விட்டுச் சுரங்கம் நடத்திய முறையை எதிர்த்து 1891-92-இல் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது, அரசுப் படை அவர்களைப் பிடித்து அடைத்து வைக்கத் தற்காலிகச் சிறையாகப் பயன்படுத்தியதும் அதே தேவாலயத்தைத்தான்.

அவர்கள் கொண்டுவந்த பக்தி கடுமையானது. 1735-இல் ஹவெல் ஹாரிஸ், டேனியல் ரோலண்ட் போன்றவர்களிடமிருந்து தொடங்கிய சமய எழுச்சி வேல்ஸ் மக்களுக்கு 'சேயட்' என்ற கூட்டத்தைக் கொடுத்தது. அதில் ஒவ்வொருவரும் தங்கள் ஆன்மாவின் நிலையை, தடுமாற்றத்தை, குற்றத்தை, மற்றவர்கள் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாவத்தைச் சுமந்தவர் கிறிஸ்து ஒருவரே, இன்னொரு மனிதன் அதைச் சுமக்க முடியாது என்பது அந்தப் பிரசங்கிகளின் உறுதியான போதனை. ரொட்டியும் பீரும் அவர்களுக்கு அஞ்ஞானம். ஆனாலும் தேவாலயத்தில் அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அதே மக்கள், சாவு வரும் முன் வீட்டிலிருந்து இடுகாடு வரை தானாக நகர்ந்து போகும் பிண விளக்கை நம்பினார்கள். சுரங்கச் சுவருக்குள்ளிருந்து குட்டிப் பூதங்கள் தட்டும் ஒலி வந்தால் அங்கே நல்ல கனிமம் இருக்கிறது என்று நம்பினார்கள். டென்னசியும் அடங்கிய அப்பலேச்சிய மலைகளில் வேல்ஸ், ஸ்காட்லாந்து, இங்கிலாந்து வழக்கங்கள் ஒன்றோடொன்று கலந்தன. சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்தினார்கள், கண்ணாடியைத் துணியால் மூடினார்கள், பிணத்தின் மார்பில் உப்பு வைத்தார்கள், இரவு முழுக்க உடலோடு விழித்திருந்தார்கள். பாவம் தின்பவன் அந்த மலைகளிலும் இருந்தான் என்பதற்குச் செவிவழிக் கதைகளே ஆதாரம். உன் வீட்டுக்காரப் பாட்டி சொன்னதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அவரை மதித்துக் கேள், ஆனால் கதை என்றே கேள்.

நம் நீலகிரியிலும் இதற்கு உறவான ஒரு வழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும். படுகர் சாவில் ஒரு பெரியவர் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். கூடியிருப்பவர்கள் அது பாவம் என்று ஒருமித்த குரலில் ஏற்பார்கள். பச்சைக் கிளையை வெட்டியது, குஞ்சைப் பூனைக்குக் கொடுத்தது, பக்கத்து வீட்டு எருமை கறக்கும் பாலைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, எல்லைக் கல்லை நகர்த்தியது என்று பட்டியல் நீளும். இறந்தவர் செய்ததை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. மனிதர் எவரும் செய்யக்கூடியது எல்லாம் அதில் வரும். அந்தக் காலத்தில் அந்தப் பாவங்களை ஒரு கன்றின்மேல் ஏற்றி அதை அவிழ்த்து விடுவார்கள். அதன்பின் அதன் கழுத்தில் நுகம் ஏறாது. அப்படி விடப்பட்ட கன்றைப் பிடித்து வேலை வாங்கியதும் அந்தப் பட்டியலில் ஒரு பாவமாகவே வருகிறது. ஹெர்ஃபோர்டுஷயரில் பாவத்தைச் சுமந்தது பசித்த மனிதன். அதன் பிறகு அவனை விரட்டினார்கள். இங்கே சுமந்த கன்றுக்கு விடுதலை கிடைத்தது. என்னைக் கேட்டால், ஊர்மக்கள் எல்லோரும் ஒன்றாக நின்று இதெல்லாம் பாவம் என்று ஒப்புக்கொண்டதுதான் அந்தச் சடங்கின் உயிர்.

ஆகவே கூடுதுறைத் தானத்தை நான் செய்யப் போவதில்லை, கயல். அங்கே படித்துறையில் கை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். எள்ளையும் எண்ணெயையும் இரும்பையும் வாங்கிக்கொள்ளும்போது அவர்கள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கொடுப்பவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார். வாங்குபவர் தோஷம் தன் பிள்ளைகளுக்குப் பிடிக்குமோ என்று பயந்துகொண்டே வாங்குகிறார், ஏனென்றால் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும். பசித்தவருக்குச் சோறு போடு என்று நீ சொன்னால் நான் மனதார நாளைக்கே போடுவேன். உன் குற்ற உணர்வையும் சேர்த்து இலையில் பரிமாறு என்றால் என்னால் முடியாது.

இன்னொன்று. கோல் கிரீக்கில் ஃப்ரேட்டர்வில் சுரங்கத்தில் 1902 மே 19 அன்று நடந்த வெடிவிபத்தில் 216 பேர் இறந்ததாகச் சொல்வார்கள். வேல்ஸ் வழியினரும் மற்ற மலைக்காரர்களும் ஒன்றாக வேலை செய்த சுரங்கம் அது. காற்று தீர்ந்துகொண்டிருந்த சில மணி நேரத்தில் உள்ளே சிக்கியவர்கள் சிலர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் ஜேக்கப் வவலும் அவரோடு சுரங்கத்தில் இருந்த 14 வயது மகன் எல்பர்ட்டும் உண்டு. வவல் தன் மனைவி எலனுக்கு எழுதியதில், எல்பர்ட் கடவுளை நம்புவதாகச் சொல்கிறான் என்கிறார். பிள்ளைகளை முடிந்தவரை நன்றாக வளர்க்கச் சொல்கிறார். எங்கள் இருவரையும் ஏற்கெனவே இறந்துபோன குட்டி எடியின் பக்கத்தில் ஒரே குழியில் புதை என்கிறார். இன்னொரு பிள்ளை ஹோரேஸுக்கும் ஒரு வரி: எல்பர்ட்டின் காலணிகளையும் உடைகளையும் நீ போட்டுக்கொள். பிற்பகல் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தில், இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதி, கடவுளிடம் இன்னும் ஒரு மூச்சு கேட்கிறார்.

நம்பிக்கை உள்ள மனிதர் சாகும் நேரத்தில் எதைக் கேட்டார் என்று பார். என் பாவத்தை யாராவது சுமங்கள் என்று கேட்கவில்லை. வீட்டில் இருப்பவர்கள் என் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லையே என்று குறைப்படவும் இல்லை. இருக்கிறவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதையும், காலணி வீணாகிவிடக் கூடாது என்பதையும்தான் நினைத்தார். உன் அப்பத்தாவும் அப்படித்தான். கடைசி வாரத்தில் ஒரு நாள்கூட அவள் "கயல் ஏன் வரவில்லை" என்று கேட்கவில்லை. "அங்கே குளிருமாமே, பிள்ளைக்குக் கம்பளி இருக்குதா?" என்றுதான் அம்மாவிடம் கேட்டாள். விசா முத்திரைக்காக நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாமல் வேலை போய்விடும் என்று நான்தான் உன்னைத் தடுத்தேன். இன்றைக்கு அதே நிலை வந்தாலும் தடுக்கத்தான் செய்வேன். நெய்ப்பந்தத்தை உன் பெரியப்பா பேரன் இரண்டு கையிலும் இரண்டாகப் பிடித்தான். ஒன்று உனக்காக என்று நாங்கள் சொல்லித்தான் கொடுத்தோம்.

துக்கம் இருக்கட்டும், அதை நீ யாருக்கும் கைமாற்ற வேண்டாம். அழ வேண்டுமென்றால் அழு. சேயட் கூட்டத்தில் செய்ததைப் போல எங்களிடம் வாய்விட்டுச் சொல். உன் அம்மா இரவு பதினொரு மணிக்கும் போனை எடுப்பாள்.

பணத்தைத் திங்கட்கிழமை உன் கணக்குக்கே திருப்பி அனுப்புகிறேன். தலைத் திவசம் மாசியில் வருகிறது. அதற்குள் முத்திரைக்கான நேர்காணல் தேதி கிடைத்துவிட்டால் வந்து உன் கையால் படையல் போடு. கிடைக்காவிட்டால் அன்று காலை வீடியோவில் வா, பெரியப்பாவிடம் சொல்லி வைக்கிறேன். அப்பத்தாவின் பழுப்புக் கம்பளியைச் சலவை செய்து வைத்திருக்கிறோம். வரும் மாதம் அந்தப் பக்கம் வரும் உன் சிநேகிதியிடம் கொடுத்து அனுப்புகிறேன். பெட்டியில் இடம் இருக்குமா என்று அவளிடம் முன்கூட்டியே கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா