மார்ச் 1 என்றொரு மரபணு கிடையாது

மூளையியல் ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். மனித மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. சென்ற ஆண்டு உங்களில் ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். எந்த இதழ் என்பது இங்கே தேவையில்லை.

நான் சுட்டிக்காட்டியது சின்ன விஷயம். ஒரு கட்டுரையின் இணைப்பு அட்டவணையில், மரபணுப் பெயர்களுக்கு நடுவே '1-மார்ச்' என்று ஒரு தேதி உட்கார்ந்திருந்தது. எக்செல் செய்த வேலை. 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரைத் தட்டினால் அதற்கு நாள்காட்டி நினைவுக்கு வந்துவிடும். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் 2020-இல் அந்தப் பெயரையே 'மார்ச்எஃப்1' என்று மாற்றினார்கள். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நோயெதிர்ப்புச் செல்கள் ஆன்டிஜென்னை, அதாவது நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருளின் துணுக்கை, தம் மேற்பரப்பில் காட்டுவதை மட்டுப்படுத்தும் மரபணு அது. நான் தேடிப் போனதே அதைத்தான். பெயரைத் தட்டித் தேடினேன், அட்டவணையில் இல்லை என்று வந்தது. கண்ணால் வரிவரியாகப் பார்த்தபோதுதான் தேதி வேடத்தில் அகப்பட்டது.

"கட்டுரையாசிரியர்களுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. அதோடு சரி.

உங்கள் தயக்கம் புரியாமல் இல்லை. 2006-இல் வெளியான பெயர் பெற்ற அல்சைமர் கட்டுரை ஒன்று 2024-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அது படங்களில் கைவைத்த விவகாரம். அதற்கு விசாரணை வேண்டும், காலமும் பிடிக்கும். 1-மார்ச்சுக்கு என்ன விசாரணை?

எங்கள் துறையின் பிழைகளில் பல இப்படிக் குற்றவாளி இல்லாதவை. மனித மைக்ரோகிளியா என்று நம்பி வளர்க்கப்பட்ட சிஹெச்எம்இ-5 செல்வரிசை (ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்படும் செல்கள்) எலியுடையது என்று 2017-இல் தெரியவந்தது. அதற்கு முன் அதை வாங்கி வளர்த்தவர்கள் ஏமாந்தவர்களே தவிர, ஏமாற்றியவர்கள் அல்லர். மூளைத் திசுவைத் தனித்தனிச் செல்களாகப் பிரிப்பதற்காக 37 டிகிரியில் நொதியோடு வைத்தால், அந்தச் செய்முறையே மைக்ரோகிளியாவை உசுப்பிவிடுகிறது. செல் தூண்டப்பட்டதும் விழித்துக்கொள்ளும் ஃபாஸ், ஜூன் என்ற மரபணுக்கள் எகிறுகின்றன. நோயின் அடையாளம் என்று எழுதியவை சில நேரம் சோதனைக்குழாயில் பிறந்தவை. இதைத் திருத்திக்கொள்வதில் யாருக்கும் இழுக்கில்லை. ஆனால் திருத்தம் என்றாலே தண்டனை என்று ஆகிவிட்ட பிறகு, தன் கட்டுரையைத் தானே திருத்த எவர் முன்வருவார்?

ஆகவே நேர்மையான பிழைக்குத் தனி வழி ஒன்று வையுங்கள். விசாரணைக் குழு வேண்டாம். எது மாறியது, எந்த முடிவு இன்னும் நிற்கிறது, எது விழுந்தது என்று நான்கு வரி, தேதியோடு, கட்டுரையின் தலைமாட்டிலேயே. இப்போதைய திருத்தங்கள் பெரும்பாலும் வேறொரு பக்கத்தில் தனியாகக் கிடக்கின்றன. கட்டுரையை மட்டும் தரவிறக்கிப் படிப்பவர் கண்ணில் அவை படுவதே இல்லை. எலி செல்லை மனித செல் என்று எழுதிய பழைய கட்டுரைகளிலும் அந்த நான்கு வரி ஏறட்டும், எழுதியவர்கள் ஓய்வு பெற்றிருந்தாலும்.

அட்டவணையைச் சரிசெய்து கடிதத்தோடு இணைத்தே அனுப்பியிருந்தேன். கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மைக்ரோகிளியா வளர்க்கும் ஓர் ஆய்வு மாணவர்